தீ விபத்துக் கிளைமில் ‘அண்டர் இன்சூரன்ஸ்’ என்று 10.50 லட்சம் கழிக்கப்பட்டது சரியா?

பின்னலாடை_திருப்பூர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை தயாரித்து வருகிறேன். எங்கள் தரைத்தள குடோனில் மின்கசிவால் தீப்பிடித்து, துணி ரோல்களும் தைத்து முடித்த ஆடைகளும் எரிந்தன. அடுத்த அறையில் இருந்த சில தையல் மெஷின்களும் சேதமடைந்தன. பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி நடப்பில் இருந்தது. அதில் சரக்குக்கு 60 லட்சம் ரூபாயும் மெஷின்களுக்கு 12 லட்சம் ரூபாயும் காப்பீட்டுத் தொகையாகக் குறிக்கப்பட்டுள்ளன.

சரக்கு இழப்பாக நாங்கள் 36 லட்சம் கேட்டிருந்தோம். இழப்பை மதிப்பிட வந்த சர்வேயரின் அறிக்கையில் உள்ள கணக்கு பின்வருமாறு இருக்கிறது:

அடக்க விலையில் இழப்பு: 30,00,000
சால்வேஜ் கழிவு: 2,00,000
மீதம்: 28,00,000
அபாயத்துக்கு உட்பட்ட சரக்கின் மதிப்பு: 96,00,000
அண்டர் இன்சூரன்ஸ் 37.5 விழுக்காடு கழிவு: 10,50,000
மீதம்: 17,50,000
எக்ஸஸ் கழிவு: 5,000
தர வேண்டிய தொகை: 17,45,000

60 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டியிருக்கும் நிலையில், இழப்பு அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு கழிவு என்பது எனக்கு விளங்கவில்லை. மெஷின்களுக்கும் புதிய விலையான 4 லட்சத்துக்குப் பதில், தேய்மானம் போக 2.40 லட்சம் மட்டுமே இப்போது தருவதாகச் சொல்கிறார்கள். தீ விபத்தால் கைவிட்டுப் போன ஆர்டரின் லாபத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்று அச்சிட்ட ரசீதில் கையொப்பமிடச் சொல்கிறார்கள். இந்தச் சொற்களையும் கணக்கையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

ஓய்வுபெற்ற_சர்வேயர் எழுதியது:

ஐயா, நான் பல ஆண்டுகள் தீ விபத்து இழப்புகளை மதிப்பிட்டவன். உங்கள் அறிக்கையின் வரிகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காப்பீட்டுத் தொகை. அது நிறுவனம் தருவதாக வாக்களித்த தொகை அன்று, தரக்கூடியதன் உச்ச வரம்பு மட்டுமே. பொதுக் காப்பீட்டின் அடிப்படை ஈட்டுறுதி. அதாவது, இழப்புக்கு முன் நீங்கள் எந்தப் பொருளாதார நிலையில் இருந்தீர்களோ அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவதே பாலிசியின் வேலை. அதற்கு மேல் லாபம் பார்க்க அதில் இடமில்லை. நீங்கள் கேட்ட 36 லட்சம் 30 லட்சமாகக் குறைந்ததற்கும் இதுவே காரணம். தைத்து முடித்த ஆடைகளை விற்பனை விலையில் கணக்கிட்டிருப்பீர்கள். சர்வேயர் நூல், துணி, சாயம், தையல் கூலி எல்லாம் சேர்ந்த அடக்க விலையில் கணக்கிட்டிருக்கிறார். தீ பாலிசியில் அதுதான் வழக்கம்.

சால்வேஜ் என்பது எரிந்ததும் நனைந்ததும் போக மிஞ்சியவற்றின் விற்பனை மதிப்பு. தீயணைப்பு வண்டி பீய்ச்சிய நீரில் நனைந்த ஆடைகளும் தீயால் ஏற்பட்ட இழப்பாகவே கருதப்படும். நெருங்கிய காரணம் எது என்று பார்ப்பதுதான் காப்பீட்டுச் சட்டத்தின் முறை; கடைசியாக நடந்தது எது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்ட இக்காரியா என்ற கப்பல், லே ஆவ்ர் துறைமுகம் வரை வந்து சேர்ந்து, அங்கே அலைகளில் அடிபட்டு மூழ்கியது. துறைமுகத்தில் மூழ்கினாலும் அதற்கு நெருங்கிய காரணம் குண்டுதான் என்று 1918இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்று உங்கள் குடோனில் நனைந்த பனியன்களுக்கும் அதே தர்க்கம்தான். அந்த 2 லட்சத்தைச் சர்வேயர் எப்படி முடிவு செய்தார் என்று மட்டும் கேளுங்கள். கழிவுத்துணி வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கியிருந்தால் சரி. தோராயமாகப் போட்டிருந்தால் ஆட்சேபிக்கலாம்.

மின்கசிவு பற்றியும் ஒரு சொல். எந்த மின்சாதனத்தில் கசிவு ஏற்பட்டதோ அந்தச் சாதனத்துக்கு மட்டும் தீ பாலிசியில் விலக்கு உண்டு. அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றவற்றுக்கு விலக்கு இல்லை. எனவே அந்தச் சுவிட்ச் போர்டுக்குப் பணம் வராமல் போகலாம், சரக்குக்கு வரும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். விபத்து நாளன்று அந்த இடத்தில், அந்தத் தலைப்பின் கீழ் காப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டிய பொருள்கள் அனைத்தின் மதிப்பும் அபாயத்துக்கு உட்பட்ட மதிப்பு எனப்படும். எரிந்தவை, எரியாதவை இரண்டும் அதில் சேரும். சர்வேயர் அதை 96 லட்சம் என்கிறார்; நீங்கள் 60 லட்சத்துக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். நூறு ரூபாய்ச் சரக்கில் அறுபத்திரண்டரை ரூபாய்க்கு நிறுவனமும் மீதிக்கு நீங்களே உங்களுக்கும் காப்பீட்டாளர் என்று ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் இழப்பையும் இருவரும் அதே விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் ஆவரேஜ் விதி. முழு இழப்பு ஏற்பட்டால்தான் இந்த விதி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பகுதி இழப்பில்தான் அது அதிகம் உறுத்தும், ஏனெனில் முழுவதும் எரிந்தால் உச்ச வரம்பான 60 லட்சத்தை எப்படியும் வாங்கியிருப்பீர்கள்.

இந்த விதியை நிறுவனங்களின் தந்திரம் என்று சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலான தீ விபத்துகள் பகுதி இழப்புகளே. ஆவரேஜ் விதி இல்லாவிட்டால், ஒரு கோடி ரூபாய்ச் சரக்குள்ளவர் முப்பது லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டிவிட்டு, ஏறக்குறைய எல்லா விபத்துகளிலும் முழு இழப்பையும் வாங்கிச் செல்வார். உண்மையான மதிப்பை அறிவித்தவர்கள் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் அந்தப் பணம் போகும்.

1.4.2021 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் பாலிசி, ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கானது. அதில் ஒரு சலுகை உண்டு: குறைக்காப்பீடு, அதாவது அறிக்கை சொல்லும் ‘அண்டர் இன்சூரன்ஸ்’, 15 விழுக்காடு வரை இருந்தால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 96 லட்சத்துக்கு 81.60 லட்சமாவது அறிவித்திருந்தால் ஒரு ரூபாயும் கழிந்திருக்காது. 37.5 விழுக்காடு அந்த வரம்பைத் தாண்டிவிட்டதால் கழிவு முழுவதும் விழுந்திருக்கிறது. எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மெஷின்களைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். மீள்நிறுவல் மதிப்பு அடிப்படையில் காப்பீடு எடுத்திருந்தால், அதே திறனுள்ள புதிய மெஷினின் விலை கிடைக்கும்; ஆனால் அதை உண்மையாகவே வாங்கி நிறுவ வேண்டும், வழக்கமாக 12 மாதங்களுக்குள். அதுவரை தேய்மானம் போக உள்ள சந்தை மதிப்பைத் தருவார்கள். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்களை வாங்கிப் பில்லைக் கொடுத்தால், பிடித்துவைத்த 1.60 லட்சத்தைக் கேட்டுப் பெறலாம். கெடுவுக்குள் வாங்க முடியாது என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள்.

---

நூல்வியாபாரி எழுதியது:

சர்வேயர் ஐயா பொறுமையாக விளக்கியிருக்கிறார், நன்றி. எனினும், சர்வேயருக்குக் கூலி கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. அவர் சொல்லும் 96 லட்சத்தை நாம் ஏன் அப்படியே ஏற்க வேண்டும்? பாலிசி எடுக்கும்போது சரக்கின் மதிப்பைக் கேட்காத ஏஜென்ட், கிளைம் என்றவுடன் மட்டும் மதிப்பைப் பேச வருகிறார் என்பதே என் அனுபவம்.

---

ஓய்வுபெற்ற_சர்வேயர் எழுதியது:

அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். சர்வேயர், காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் உரிமம் பெற்றவர். அவருடைய அறிக்கை தேவையான முதல் படி. ஆனால் அது இறுதிச் சொல் அன்று, அதிலிருந்து விலகவே கூடாது என்றும் இல்லை என உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெறுமனே மறுத்தால் பயனில்லை. எந்த வரி தவறு என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். கேள்வி கேட்டவர் முழு அறிக்கையையும், குறிப்பாக 96 லட்சம் எப்படி வந்தது என்ற இணைப்புத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும்.

---

கணக்காளர்_கோவை எழுதியது:

சரக்கின் மதிப்பைச் சர்வேயர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கணக்கெழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆண்டுத் தொடக்கச் சரக்குடன் விபத்து நாள் வரையிலான கொள்முதலையும் உற்பத்திச் செலவையும் கூட்டி, விற்பனையின் அடக்க விலையைக் கழித்தால், அன்று குடோனில் இருந்திருக்க வேண்டிய சரக்கு கிடைக்கும். அதை ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்களோடும், வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் சரக்கு இருப்பு அறிக்கையான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டோடும் ஒப்பிடுவார்கள். சரக்கைக் காட்டி வங்கியில் வாங்கும் கேஷ் கிரெடிட் கடனின் வரம்புக்காகச் சரக்கைக் கூட்டிக் காட்டும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. அவ்வாறு கூட்டிக் காட்டிய எண்ணே விபத்துக்குப் பின் அபாய மதிப்பாகத் திரும்பி வந்து ஆவரேஜ் விதியில் நம்மை அடிக்கும். இல்லை, உண்மைச் சரக்கு அதைவிடக் குறைவு என்று சொன்னால், வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இந்தக் கேள்வியாளர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சிறுதொழில் கிளைமையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்கும் தாள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான்.

எரிந்த சரக்கை வாங்கும்போது கட்டிய வரிக்காக எடுத்திருந்த உள்ளீட்டு வரி வரவை, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி திருப்பிச் செலுத்த வேண்டும். இது பலருக்குத் தெரியாமல் பின்னர் வட்டியோடு வந்து நிற்கும் செலவு. காப்பீட்டுத் தொகையை அறிவிக்கும்போது வரியையும் சேர்த்திருந்தால்தான் இதை நிறுவனத்திடம் கேட்க வழியுண்டு.

கைவிட்டுப் போன ஆர்டரின் லாபம் தீ பாலிசியில் வராது. அது பொருளுக்கு நேர்ந்த சேதத்தை மட்டுமே ஈடு செய்யும். தொழில் நின்றதால் வரும் இழப்புக்கு, லாப இழப்புப் பாலிசி என்று தனியாக எடுக்க வேண்டும். அதில் மொத்த லாபம் என்பது, நிகர லாபத்துடன், தொழிற்சாலை நின்றாலும் நிற்காத வாடகை, நிரந்தர ஊழியர் சம்பளம், கடன் வட்டி போன்றவற்றைக் கூட்டிய தொகை. எத்தனை மாதங்களில் பழைய விற்பனைக்குத் திரும்ப முடியும் என்பதை முன்கூட்டியே கணித்து, இழப்பீடு கிடைக்கும் மாதங்களான ஈட்டுக்காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டடத்தைப் புதுப்பிக்க மூன்று மாதம் போதும் என்று மூன்று மாதமே எடுப்பவர்கள், போன வாடிக்கையாளர் திரும்பி வர ஆகும் காலத்தை மறந்துவிடுகிறார்கள். பின்னலாடை ஏற்றுமதியில் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவ ஆர்டரும் சேர்ந்தே போய்விடும் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று: வங்கிக் கடன் இருந்தால் பாலிசியில் வங்கிச் சரத்து சேர்க்கப்பட்டிருக்கும். கிளைம் பணம் முதலில் வங்கிக்கே போகும். கூலி, சாயப்பட்டறை பாக்கி ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால், இப்போதே வங்கி மேலாளரிடம் பேசி வையுங்கள்.

---

பின்னலாடை_திருப்பூர் எழுதியது:

மிக்க நன்றி. இணைப்புத் தாளை வாங்கிவிட்டேன். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எங்கள் சரக்கு 80 லட்சம். அதில் மிகை எதுவும் இல்லை. சர்வேயரின் தாளில் கடைசி வரியாக ‘மேல்மாடியில் துணி ரோல்கள், 16,00,000’ என்று தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது எங்கள் துணியே அன்று. ஓர் ஏற்றுமதியாளர் ஜாப் வொர்க்குக்காகத் தையலுக்கு அனுப்பியது. தீ மேல்மாடிக்குப் பரவவில்லை; அந்த ரோல்களில் ஒன்றுகூடச் சேதமாகவில்லை. பாலிசி அட்டவணையில் ‘காப்பீடு பெற்றவருக்குச் சொந்தமான மூலப்பொருள், தயாரிப்பில் உள்ள பொருள், முடிந்த பொருள்’ என்றுதான் இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

---

ஓய்வுபெற்ற_சர்வேயர் எழுதியது:

இதுதான் நீங்கள் பிடிக்க வேண்டிய வரி. காப்பீட்டு நலன் என்ற கோட்பாடு இங்கே வருகிறது. ஒரு பொருள் அழிந்தால் யாருக்குப் பொருளாதார நட்டமோ அவருக்கே அதைக் காப்பீடு செய்யும் உரிமை உண்டு. பிறர் துணி உங்கள் பொறுப்பில் இருப்பதால் உங்களுக்கும் அதில் ஓரளவு நலன் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதற்குக் காப்பு வேண்டுமென்றால், ‘பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் சரக்கும் உட்பட’ என்று சரக்கு விவரத்தில் இருக்க வேண்டும். உங்கள் பாலிசி சொந்தச் சரக்கோடு நின்றுவிடுகிறது. அந்த ரோல்கள் எரிந்திருந்தால் நிறுவனம் ஒரு ரூபாயும் தந்திருக்காது. தராத பொருளின் மதிப்பை அபாய மதிப்பில் சேர்த்து உங்கள் விகிதத்தைக் குறைக்கவும் முடியாது.

கணக்கைத் திருத்திப் பாருங்கள். அபாய மதிப்பு 80 லட்சம், காப்பீடு 60 லட்சம், விகிதம் 75 விழுக்காடு. 28 லட்சத்தில் 75 விழுக்காடு 21 லட்சம். எக்ஸஸ் போக 20,95,000. வேறுபாடு மூன்றரை லட்சம். குறைக்காப்பீடு இன்னும் 25 விழுக்காடு இருப்பதால் 15 விழுக்காட்டுச் சலுகை கிடைக்காது. அந்த ஏழு லட்சக் கழிவு நியாயமானதே, அதற்காகப் போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சான்றாக அந்தத் துணியோடு வந்த ஜிஎஸ்டி டெலிவரி சலான், உங்கள் ஜாப் வொர்க் பதிவேட்டின் நகல், துணி தமது கணக்கில்தான் சரக்காக நிற்கிறது என்ற ஏற்றுமதியாளரின் கடிதம் ஆகிய மூன்றையும் வையுங்கள். சர்வேயருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

---

இடர்_ஆலோசகர் எழுதியது:

ரசீது பற்றிய கேள்வி இன்னும் விடை பெறவில்லை என்பதால் எழுதுகிறேன். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதையே காரணமாக்கிப் பாலிசிதாரர் வேறு மன்றங்களுக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று 2015இலேயே ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக, ‘சரக்கின் அபாய மதிப்புக் குறித்த ஆட்சேபத்துக்கு உட்பட்டு, பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையொப்பத்துக்கு மேலேயே எழுதிவிட்டு, அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். ஒருவரே உரிமையாளராக உள்ள நிறுவனங்களும் நுண்தொழில்களும் அங்கே முறையிடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி; அதற்குக் கெடு இரண்டு ஆண்டுகள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் செலுத்திய பிரீமியம், கேட்கும் இழப்பீடு அன்று. ஆகவே மாவட்ட ஆணையமே போதும்.

மின்பலகையை அண்மையில் ஒப்பந்தக்காரர் யாரேனும் மாற்றியிருந்து, கசிவு அவருடைய வேலையால் நேர்ந்தது என்று தெரிந்தால், அவரிடம் ‘உங்கள் மேல் புகார் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கிளைம் தந்த பிறகு உங்கள் இடத்தில் நின்று அவரிடம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு வருகிறது. சப்ரகேஷன் என்று கடிதத்தில் வருவது இதுதான். அந்த உரிமையை நீங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளைமே பாதிக்கப்படும்.

அடுத்த புதுப்பித்தலுக்கு, கப்பலேற்றும் மாதத்தில் சரக்கு எந்த அளவுக்கு உயரும் என்பதைப் பார்த்து, அந்த உச்சத்துக்கே காப்பீட்டுத் தொகையை வையுங்கள். ஆண்டுச் சராசரிக்கு வைத்தால் மறுபடியும் இதே கதைதான். சரக்கு பல குடோன்களுக்கு மாறிக்கொண்டே இருந்தால் ஃப்ளோட்டர் முறையில் ஒரே தொகைக்குள் எல்லா முகவரிகளையும் சேர்க்கலாம். மாதந்தோறும் பெரிதும் ஏறி இறங்கும் பெரிய சரக்குக்கு, அதன் மதிப்பை அவ்வப்போது அறிவிக்கும் டிக்ளரேஷன் பாலிசி உண்டு; அது உங்கள் அளவுக்குப் பொருந்துமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஜாப் வொர்க் தொடருமானால் பிறர் சரக்கு என்ற சொற்களைச் சேர்த்து, அதன் மதிப்பையும் காப்பீட்டுத் தொகையில் கூட்டுங்கள். சொல்லை மட்டும் சேர்த்துவிட்டுத் தொகையைக் கூட்டாவிட்டால், அந்த 16 லட்சம் அடுத்த முறை முறைப்படியே அபாய மதிப்பில் ஏறிவிடும்.

பிரீமியம் கூடுகிறதே என்றால், விருப்ப எக்ஸஸை உயர்த்திக் குறைக்கலாம். ஐயாயிரம், ஐம்பதாயிரம் என்று அடிக்கடி வரும் சிறு இழப்பைத் தொழிலே தாங்கிக்கொள்வதும், என்றோ ஒருநாள் வந்து தொழிலையே மூடவைக்கும் இழப்பை நிறுவனத்துக்கு மாற்றிவிடுவதும்தான் இடர் மேலாண்மையில் நாங்கள் சொல்லும் முதல் பாடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சிறு எக்ஸஸுக்காகப் பேரம் பேசிவிட்டு, சரக்கில் நாற்பது லட்சத்தைக் காப்பீடில்லாமல் விட்டுவிடுகிறார்கள். பின்னலாடைக் கூடங்களில் பஞ்சுத் தூசி டியூப்லைட் பட்டிகளிலும் மின்பலகைக்குள்ளும் படிந்து கிடக்கும். வாரம் ஒருமுறை அதை உறிஞ்சி எடுப்பது, பலகைக்குக் கீழே துணி ரோல்களை அடுக்காமலிருப்பது, மாலையில் குடோனின் மெயின் சுவிட்சை அணைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

---

பின்னலாடை_திருப்பூர் எழுதியது:

டெலிவரி சலான்களையும் பதிவேட்டு நகலையும் இணைத்துக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஏற்றுமதியாளரின் கடிதம் நாளை கிடைத்துவிடும். ரசீதில் ஆட்சேபக் குறிப்பை எழுதியே கையொப்பமிடுகிறேன். சால்வேஜுக்கு ஒரே ஒரு வியாபாரியின் விலைப்புள்ளிதான் இணைப்பில் இருக்கிறது. அதையும் இதே கடிதத்தில் எழுப்பலாமா, அல்லது தனியாக எழுத வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற_சர்வேயர் எழுதியது:

தனியாக எழுதுங்கள். அபாய மதிப்புப் பற்றிய ஆட்சேபத்துக்கு உங்களிடம் ஆவணம் இருக்கிறது. சால்வேஜ் விலை பேரத்துக்கு உட்பட்டது. இரண்டையும் கலந்தால் பேரத்தைப் பற்றியே பதில் வரும். வேறு இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை வாங்கி, அவை 2 லட்சத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால் மட்டும் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். அதுவரை நனைந்த சரக்கை விற்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டாம்.